பாட்டு எப்போ வரும்?

(பட்டிமன்றத் தலைப்பு: இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ இசையை எடைபோடத் தகுதி உள்ளவர் இசையைக் கற்றவரா? இசையைக் கேட்டவரா? ஸ்ரீவைகுண்டம் மேடையில் ‘கேட்டவரே’ என்னும் அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே, எதிரணியிலே அமர்ந்திருக்கிற கற்றவர்களே, எங்கள் அணியிலே என்னோடு அமர்ந்திருக்கிற மற்றவர்களே (சிரிப்பு), தாமிரபரணித் தண்ணியைக் குடிச்ச தெம்பிலே இந்த நேரத்திலும் கொட்டாவி விடாமல் உட்கார்ந்திருக்கிற ஸ்ரீவைகுண்டத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையிலே தரையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிற குழந்தைச் செல்வங்களே!

எனக்கு இது வெளியூர் மேடை இல்லை. நான் பிறந்து, வளர்ந்து, ஆற்றிலே குளிச்சு, அடியும் வாங்கின ஊர். அதனாலே கொஞ்சம் பயமாகவும் இருக்கு. வெளியூரிலே ‘முனைவர்’ என்று கூப்பிடுவார்கள். இங்கே, “ஏல, அந்த வாழைத்தோட்டத்துக்காரர் மகன்லா பேசுதான்” என்று ஒரு குரல் இப்பவே கேட்டுடுச்சு. (சிரிப்பு, கைதட்டல்)

ஐயா, தலைப்பைப் பார்த்தவுடனே எனக்கு ஒரு சந்தோஷம். ‘ஹௌ டு நேம் இட்’. இதற்கு என்ன பெயர் வைப்பது? நியாயமாகப் பார்த்தால் இந்தத் தலைப்பை நம்ம ஊரிலேதான் பேசணும். ஏன்னு கேளுங்க. அந்த இசை வெளிவந்த வருஷம் 1986. அதே 1986ஆம் வருஷம்தான் நம்மைத் திருநெல்வேலி மாவட்டத்திலேர்ந்து பிரிச்சாங்க. பிரிச்சு என்ன பேர் வச்சாங்க? சிதம்பரனார் மாவட்டம். பதினோரு வருஷம் கழிச்சு, 1997லே, ‘அந்தப் பேர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்’ என்று மாத்தினாங்க. ஆனா இன்னைக்கும் சென்னையிலே போய் நம்மாளை “எந்த ஊரு?” என்று கேட்டால் என்ன சொல்லுவான்? “திருநெல்வேலி!” (பலத்த சிரிப்பு) அப்போ நம்மை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது? ஹௌ டு நேம் இட்? (கைதட்டல்)

மாவட்டத்தை விடுங்க. கோயிலுக்குள்ளே போங்க. நின்ற கோலத்திலே இருக்கிற பெருமாளுக்குப் பேர் வைகுண்டநாதன். வைகுண்டத்துக்கே நாதன். அவருக்கே இன்னொரு பேர் கள்ளபிரான். திருடனுக்குத் தலைவன்! ஒரே சாமிக்கு இரண்டு பேர். இரண்டும் பொருந்துகிறது. இந்தக் கள்ளபிரான் கதைக்குப் பிறகு வர்றேன். எதிரணிக்கு அவர் வேண்டியிருக்கும். (சிரிப்பு)

இளம் பிள்ளைகளுக்காக ஒரு நிமிஷம். இது சினிமாப் பாட்டு கிடையாது. இளையராஜா 1976லே ‘அன்னக்கிளி’யிலே அறிமுகமாகி, பத்து வருஷம் தமிழ்நாட்டுக் காற்றையே தன் கையிலே வைத்திருந்த காலத்திலே, சினிமாவுக்கு வெளியே அவர் முதன்முதலாகச் செய்த இசைத்தொகுப்பு. பாடகர் கிடையாது. பாட்டு வரி கிடையாது. கதாநாயகன் கிடையாது, கதாநாயகி கிடையாது. வயலின்கள், அதைச் சுற்றி மற்றக் கருவிகள். முன்னாலே நின்று பேசுகிற வயலின் வி.எஸ்.நரசிம்மன் அவர்களுடையது. இதை அவர் காணிக்கையாக்கியது இரண்டு பேருக்கு. ஒருவர் திருவையாற்றுத் தியாகராஜர். இன்னொருவர் ஜெர்மனி தேசத்து பாக். பாக் 1750லே மறைந்தார். தியாகராஜர் 1767லே பிறந்தார். பதினேழு வருஷ இடைவெளியிலே ஒருவரை ஒருவர் தவறவிட்டுட்டாங்க. அந்த இரண்டு பேரையும் ஒரே திண்ணையிலே உட்கார வைத்துப் பார்த்தவர் பண்ணைப்புரத்துக்காரர்.

உள்ளே பத்துத் துண்டு. ஒவ்வொன்றுக்கும் அவர் வைத்த பேரைக் கவனிக்கணும். ஒன்றுக்குப் பேர் ‘இட் ஈஸ் ஃபிக்ஸ்டு’. முடிவாகிவிட்டது. நாம் இதை நிச்சயதார்த்தம் என்போம். (சிரிப்பு) இன்னொன்று ‘யூ கேன்னாட் பி ஃப்ரீ’. நீ சுதந்திரமாக இருக்க முடியாது. அது கல்யாணம். (பலத்த சிரிப்பு) இன்னொன்று ‘டோன்ட் கம்பேர்’. ஒப்பிடாதே. இது அம்மா சமையலையும் மனைவி சமையலையும் பற்றியது. (சிரிப்பு, கைதட்டல்) கடைசித் துண்டுக்குப் பேர் ‘டூ எனிதிங்’. என்ன வேண்டுமானாலும் செய்துகொள். இது ஓய்வு பெற்ற பிறகு வீட்டிலே சொல்லுவாங்க. (சிரிப்பு)

நல்லது. சிரிச்சாச்சு. இப்போ வழக்குக்கு வருவோம்.

எதிரணித் தலைவி அம்மையார் இசையை முறையாகப் படித்தவர். ரொம்ப அழகாகப் பேசினார். மூன்று குற்றச்சாட்டு வைத்தார். ஒன்று, இலக்கணம் தெரியாதவனுக்குக் கருத்துச் சொல்லும் உரிமை கிடையாது. இரண்டு, இது கலப்படம்; நம்முடையதையும் அயலாருடையதையும் குழப்பியது, பாக்கின் மெட்டையே எடுத்துக்கொண்டது; இதைக் கண்டுபிடிக்கக் கற்றவனால்தான் முடியும். மூன்று, கேட்டவர்கள் ஆளுக்கு ஒரு கருத்துச் சொல்கிறார்கள், ஆகவே அந்தக் கருத்துக்கு எடை இல்லை. மூன்றுக்கும் பதில் சொல்லிட்டுத்தான் உட்காருவேன். நடுவர் ஐயா மணியைக் கொஞ்சம் தள்ளி வைக்கணும். (சிரிப்பு)

முதல் குற்றச்சாட்டு. கல்லாதவனுக்கு உரிமை இல்லை.

அம்மா, திருக்குறளிலே நாற்பதாவது அதிகாரம் கல்வி. நாற்பத்தொன்று கல்லாமை. உங்க கணக்குப்படி கல்லாதவன் கதை அத்தோடு முடிஞ்சுபோகணும். வள்ளுவர் அப்படியா விட்டார்? அடுத்த அதிகாரம், நாற்பத்திரண்டு, என்ன? கேள்வி! (கைதட்டல்) படிக்கவில்லையா, பரவாயில்லை, காதைக் கொடு என்கிறார். காது இருந்தும் கேட்டுப் பழகாதவன் காது செவிட்டுக் காது என்கிறார். படித்தவனுக்கு ஓர் அதிகாரம் கொடுத்தவர், கேட்டவனுக்கும் தனியாக ஓர் அதிகாரம் கொடுத்திருக்கிறார். அதை நீங்க பறிக்கலாமா?

இந்த மண்ணைப் பாருங்க. குமரகுருபரர் பிறந்த மண் இது. அந்தக் குழந்தை ஐந்து வயசு வரைக்கும் பேசவில்லை. பெற்றவர்கள் திருச்செந்தூர்ச் சன்னதியிலே கொண்டுபோய்ப் போட்டார்கள். முருகன் அருளாலே வாய் திறந்தது. திறந்த வாய் கந்தர் கலிவெண்பாவைப் பாடியது என்பது நாம் வழிவழியாகச் சொல்லி வருகிற வரலாறு. ஐயா, அருள் இருக்கட்டும். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து வருஷம் அந்தக் குழந்தை என்ன செய்துகொண்டிருந்தது? கேட்டுக்கொண்டிருந்தது! தாய் பேசுவதைக் கேட்டது, கோயில் மணியைக் கேட்டது, ஓதுவார் பாடுவதைக் கேட்டது, இந்த ஆற்றைக் கேட்டது. வாய் திறக்கிறதுக்கு முன்னாடி காது திறந்திருந்தது. (கைதட்டல்)

இளையராஜாவும் அப்படித்தானே? பண்ணைப்புரத்திலே அவருக்கு யார் சுரம் எழுதிக் காட்டினார்கள்? வயக்காட்டுப் பாட்டைக் கேட்டார். அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக மேடை ஏறினார். அதற்குப் பிறகுதான் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை படித்தார். அதற்கும் பிறகு டி.வி.கோபாலகிருஷ்ணன் அவர்களிடம் கர்நாடக இசை படித்தார். முதலிலே கேட்டவர், பிறகு கற்றவர். எள்ளு இருந்ததாலே எண்ணெய் வந்தது. எண்ணெய் வந்த பிறகு எள்ளைப் பார்த்து “நீ யாருடா?” என்று கேட்கலாமா?

இரண்டாவது குற்றச்சாட்டு. கலப்படம், களவு.

இங்கேதான் கள்ளபிரான் வர்றார். காலதூஷகன் என்று ஒரு திருடன். திருடப் போகும்போது இந்தப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டுப் போவான். திருடியதிலே பாதியைப் பெருமாளுக்குக் கொடுப்பான். ஒருநாள் அரண்மனையிலே கைவைத்து, கூட்டாளிகள் மாட்டிக்கொண்டார்கள். அவன் ஓடிவந்து பெருமாள் காலிலே விழுந்தான். பெருமாள் என்ன செய்தார்? அந்தத் திருடன் உருவத்திலே அவரே அரசன் முன்னாலே போய் நின்றார். அதனாலே கள்ளபிரான். இந்தப் பெருமாள் குடியிருக்கிற ஊரிலே நின்றுகொண்டு, பாக்கிடம் எடுத்தார், தியாகராஜரிடம் எடுத்தார் என்று வழக்குப் போடலாமா அம்மா? (பலத்த சிரிப்பு, கைதட்டல்) அதிலும், எடுத்தவர் மறைத்தாரா? ஒரு துண்டுக்குப் பேரே ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’. பாக்கை என் வீட்டிலே சந்தித்தேன். அடுத்த துண்டின் பேர், நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். யார் வந்தார், எங்கே வந்தார், வந்து என்ன செய்தார் எல்லாம் வாசல் பலகையிலே எழுதிப் போட்டிருக்கு. பாக் தனி வயலினுக்கு எழுதிய ஒரு துண்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் மேலே நம்ம ஊர் வயலின் நம்ம கமகத்தோடு பேசுகிறது. விருந்தாளியைப் பேச விட்டு, வீட்டுக்காரரும் பேசுகிறார். இதற்குப் பேர் களவா? விருந்து!

இன்னொன்று கேட்கிறேன். வயலின் யாருடையது? இன்றைக்கு வயலின் இல்லாமல் ஒரு கச்சேரி உண்டா? இருநூறு வருஷத்துக்கு முந்தி அது வெள்ளைக்காரன் வாத்தியம். அதைக் கற்று நம்ம இசைக்குள்ளே கொண்டுவந்த முன்னோடி பாலுசுவாமி தீட்சிதர். அவர் எந்த சமஸ்தானத்து வித்துவான்? நம்ம மாவட்டத்து எட்டயபுரம்! (கைதட்டல்) அவருடைய அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர், 1835லே எட்டயபுரத்திலேயே கண்மூடியவர், வெள்ளைக்காரன் பேண்டு வாசித்த மெட்டுகளுக்கு வடமொழியிலே சாகித்தியம் செய்தார். நோட்டுசுவரம் என்று இன்றைக்கும் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதிலே ஒன்று இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற தேசிய கீத மெட்டு. அதிலே நம்ம அம்பாளைப் பாடி வைத்தார்! மும்மூர்த்திகளிலே ஒருவர் செய்தால் அது சாதனை. பண்ணைப்புரத்துக்காரர் செய்தால் கலப்படமா? (பலத்த கைதட்டல்)

இன்னும் ஒன்று சொல்கிறேன். இங்கே நாசரேத், பாளையங்கோட்டையிலேர்ந்து வந்த அம்மாமார்கள் இருப்பீங்க. பெரிய வெள்ளிக்கிழமை அன்றைக்குத் தேவாலயத்திலே, இயேசு பெருமானின் காயம்பட்ட திருமுகத்தைப் பார்த்து உருகிப் பாடுகிற ஒரு பாட்டு உங்கள் பாமாலைப் புத்தகத்திலே இருக்கிறது. அந்த மெட்டு எங்கேர்ந்து வந்தது தெரியுமா? 1601லே ஹாஸ்லர் என்ற ஜெர்மானியர் ஒரு காதல் பாட்டுக்குப் போட்ட மெட்டு அது. பிறகு பக்திப் பாட்டாக மாறியது. பிறகு பாக் தன்னுடைய பெரிய படைப்பான மத்தேயு பாஸ்ஷனிலே அந்த மெட்டைத் திரும்பத் திரும்ப எடுத்தாண்டார். பிறகு கப்பல் ஏறி, தமிழ் கற்றுக்கொண்டு, நம்ம பனங்காட்டுக்குள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. நாசரேத்துப் பாட்டிமார் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கண்ணீர்விட்டுப் பாடுகிறார்கள். அவர்களிடம் போய் “பாட்டி, பாக் தெரியுமா?” என்று கேட்டால், “எந்தப் பாக்குய்யா, கொட்டப்பாக்கா?” என்பார்கள். (பலத்த சிரிப்பு) பேர் தெரியாது. ஆனால் அந்த மெட்டு அவர்களுக்குத் தெரியும். இளையராஜா வீட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே பாக் எடுத்தாண்ட மெட்டு திருநெல்வேலிச் சீமைக்கு வந்துவிட்டது. (கைதட்டல்)

மூன்றாவது குற்றச்சாட்டு. ஆளுக்கு ஒரு கருத்து.

உண்மை. நான் ஒத்துக்கொள்கிறேன். நான் கல்லூரியிலே படித்தபோது விடுதியிலே இந்த கேசட்டை எங்கள் அறையிலே போட்டோம். மிருதங்கம் படித்த நண்பன் ஒருவன், “வயலின் நம்மது, கூட வர்றது வேற. சாம்பார் சாதத்துலே ஜாம் தடவின மாதிரி இருக்கு” என்றான். கிடார் வாசிக்கிற நண்பன், “சாம்பார்தான்டா அதிகம், ஜாம் எங்கே?” என்றான். (சிரிப்பு) சினிமாப் பைத்தியம் ஒருவன், “பின்னணி இசை நல்லாத்தான் இருக்கு, படத்தைக் காணோமே” என்றான். கணக்குப் படித்தவன் ஒருவன் ஒன்றுமே சொல்லவில்லை. பரீட்சைக்குப் படிக்கிறபோதெல்லாம் அதைத்தான் போட்டான். ஒரே கேசட், நாலு கருத்து.

ஆனால் எதிரணி நண்பர்களே, கற்றவர்கள் மட்டும் ஒரே கருத்தா சொன்னார்கள்? பாக் உயிரோடு இருக்கும்போதே, 1737லே, ஷைபே என்ற ஓர் இசை விமரிசகர், அவரும் நன்றாகக் கற்றவர்தான், பாக்கின் இசை தேவைக்கு மேலே சிக்கல், இயல்பே இல்லை என்று எழுதினார். இவர் சாதாரண ஆளா? பத்திரிகை நடத்தியவர். பாக் போன பிறகு அந்த மத்தேயு பாஸ்ஷன் பல காலம் பரணிலே கிடந்தது. 1829லே, இருபது வயசுப் பையன் மெண்டல்சன், பெர்லினிலே அதை எடுத்து நடத்திக் காட்டினான். ஊர் கேட்டது. கேட்ட பிறகு பாக் மறுபடியும் எழுந்து வந்தார். கற்றவர் எழுதியதை, கேட்டவர் திருத்தினார்கள்.

மேலைநாட்டிலேயும் இந்த வழக்கு நடந்தது. 1960களின் பிற்பகுதியிலே இங்கிலாந்திலே ‘புரோகிரசிவ் ராக்’ என்று ஒன்று கிளம்பியது. மூன்று நிமிஷப் பாட்டு போதாது என்று இருபது நிமிஷம் வாசிக்கிற கூட்டம். எமர்சன், லேக் அண்ட் பாமர் என்று மூன்று பேர், முசோர்க்ஸ்கி என்ற ருஷ்ய மேதை 1874லே பியானோவுக்கு எழுதியதை எடுத்து, மின்சார வாத்தியங்களிலே மேடையிலே முழக்கி, 1971லே இசைத்தட்டாகவே போட்டார்கள். ராக் பக்கம் சிலர், “இதென்ன பாடம் நடத்துறாங்க” என்று முகம் சுளித்தார்கள். செவ்வியல் பக்கம் சிலர், “இதென்ன கூச்சல்” என்று முகம் சுளித்தார்கள். 1973லே பிங்க் ஃபிளாய்ட் கொண்டுவந்த ‘த டார்க் சைடு ஆஃப் த மூன்’ இசைத்தட்டோ அமெரிக்க விற்பனைப் பட்டியலிலே பல நூறு வாரம் நின்றது. அத்தனை வாரமும் வாங்கினவன் எல்லாம் இசைக் கல்லூரி மாணவனா? கேட்டான், வாங்கினான், அண்ணன் வைத்திருந்ததைத் தம்பி கேட்டான்.

கருத்து ஆளுக்கு ஆள் மாறும். அது மட்டும் இல்லை, ஒரே ஆளுக்கே வயசுக்கு வயசு மாறும். ஜாம் என்று சொன்ன அந்த மிருதங்க நண்பன் இப்போ தாத்தாவாகிவிட்டான். போன வருஷம் பார்த்தபோது சொன்னான்: “அப்போ நான் அதுலே எது நம்மது, எது அவங்களதுன்னு பிரிச்சுக்கிட்டே இருந்தேன்டா. இப்போ பிரிக்க வரல.” ஐயா, கேசட் மாறவில்லை. கேட்ட காது வளர்ந்திருக்கு.

(மணி ஒலி)

மணி அடிச்சிட்டீங்க. ஐயா, இரண்டு நிமிஷம். முக்கியமானதை இன்னும் சொல்லவில்லை.

நேர்மையாக ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தொகுப்பிலே ‘மேட் மாட் மூட் ஃபியூக்’ என்று ஒன்று. ஃபியூக் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. பல வருஷம் வெறும் இரைச்சலாகத்தான் கேட்டேன். பிறகு ஓர் இசை ஆசிரியர் சொல்லிக் கொடுத்தார். ஒரு குரல் ஒரு விஷயத்தை எடுக்கும். அது பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது குரல் அதே விஷயத்தை வேறு சுருதியிலே எடுக்கும். முதல் குரல் நிறுத்தாது. மூன்றாவது குரல் வரும். முந்தின இரண்டும் நிறுத்தாது. கல்யாணப் பந்தியிலே பெரிய மாமா, “சாம்பாரிலே உப்பு இல்லை” என்று ஆரம்பிப்பார். சித்தப்பா ஒரு கட்டை மேலே, “உப்பு இல்லை” என்பார். அத்தை இன்னும் மேலே, “உப்பே இல்லை” என்பாள். ஒருத்தரும் நிறுத்த மாட்டார்கள். ஆனால் ஒருத்தர் பேச்சும் மற்றவர் பேச்சோடு மோதாது. (பலத்த சிரிப்பு) அதுதான் ஃபியூக். அவர் சொன்ன பிறகு எனக்கு அந்தத் துண்டு வீடு மாதிரி திறந்துகொண்டது. அந்தக் கற்றவருக்கு நான் கடன்பட்டவன். ஆக, இசை எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று சொல்லக் கற்றவர் வேண்டும். ஆனால் அந்த இசை ஒரு மனுஷனை என்ன செய்தது என்று யார் சொல்வது? அதைக் கேட்டவன்தானே சொல்ல முடியும்?

1988லே பாலு மகேந்திரா ‘வீடு’ படத்துக்கு இந்த ஆல்பத்தின் இசையையே பின்னணியாக வைத்தார். சொக்கலிங்க பாகவதர் நடித்த அந்தத் தாத்தா, பாதி கட்டிய வீட்டைத் தள்ளாத வயசிலே பார்க்க வருவாரே, அதைப் பார்த்துக் கலங்காதவர் உண்டா? வாடகை வீட்டிலே இருக்கிற ஒவ்வொருவருக்கும் அந்த வயலின் என்ன சொல்கிறது என்று புரிந்தது. ராகம் பேர் கேட்டா புரிந்தது?

கடைசியாக என் வீட்டுக் கதை. எங்கள் அப்பா இங்கே வடகால் பாசனத்திலே வாழை போட்டவர். சின்ன வயசிலே காருகுறிச்சி அருணாசலம் நாயனத்தை நேரிலே கேட்டவர். அதற்குப் பிறகு யார் வாசித்தாலும், “காருகுறிச்சி மாதிரி வராதுல” என்பார். 1987லே நான் இந்த கேசட்டை வாங்கிக்கொண்டு விடுமுறைக்கு வந்தேன். பெருமையாகப் போட்டேன். அப்பா துண்டை விரித்துத் திண்ணையிலே உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் ஆச்சு. பத்து நிமிஷம் ஆச்சு. “ஏல, பாட்டு எப்ப வரும்?” என்றார். (சிரிப்பு) “இதுலே பாட்டு கிடையாதுப்பா” என்றேன். “பாட்டு இல்லாமலா காசு வாங்குதான்?” என்றார். (பலத்த சிரிப்பு) ஆனால் எழுந்து போகவில்லை. எங்கேயாவது பாட்டு வந்துவிடும் என்று ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார்.

அதற்குப் பிறகு என்ன ஆச்சு என்றால், மத்தியானம் சாப்பிட்டுப் படுக்கும்போது, “அந்தப் பாட்டு வராத கேசட்டப் போடுல” என்பார். போட்டால் தூங்கிவிடுவார். எனக்குக் கோபம் கோபமாக வரும். எப்பேர்ப்பட்ட இசை, தாலாட்டாகப் போச்சே என்று. பிற்பாடு படித்தேன். பாக்கின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ் இருக்கிறதே, அது தூக்கம் வராத ஒரு பிரபுவுக்காக எழுதப்பட்டது என்று ஒரு கதை உண்டாம். அந்தக் கதை மெய்யா என்று ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். எங்கள் அப்பாவைப் பார்த்திருந்தால் சந்தேகப்பட மாட்டார்கள். (சிரிப்பு, கைதட்டல்)

1999லே அப்பா போனார். உங்களுக்குத் தெரியும், துக்க வீட்டிலே பதினாறு நாள் ரேடியோ கிடையாது, டி.வி. கிடையாது. பாட்டு போடக் கூடாது. வந்தவர்கள் எல்லாம் போய், வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, மத்தியான நேரம். அப்பா படுக்கிற அதே நேரம். அம்மா சுவரிலே சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். “ஏ அய்யா, அந்தப் பாட்டு வராத கேசட்டு இருக்குல்லா? அதப் போடு” என்றாள். நான் தயங்கினேன். “ஊர்ல என்னம்மா சொல்லுவாங்க?” என்றேன். அம்மா சொன்னாள்: “அதுலதான் பாட்டு இல்லல்லா? போட்டா ஒண்ணும் தப்பில்ல.”

போட்டேன். அம்மா அழவில்லை, பேசவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு பக்கம் முடிந்து, டக்கென்று பொத்தான் மேலே வந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: “பாட்டு வரும் வரும்னு உங்க அப்பா இருந்தாகளே... இது பூராவும் பாட்டுதான்ய்யா.”

நடுவர் அவர்களே, எங்கள் அம்மா மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். சுரம் தெரியாது, தாளம் தெரியாது, அந்த கேசட்டின் பேரைக்கூட வாசிக்கத் தெரியாது. 2005லே திருவாசகத்துக்கு இளையராஜா இசை செய்தபோதும், 2025 மார்ச்சிலே லண்டனிலே ராயல் ஃபில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவோடு தன் முதல் சிம்பொனியை அரங்கேற்றியபோதும், எத்தனையோ அறிஞர்கள் எத்தனையோ கட்டுரை எழுதினார்கள். எல்லாவற்றையும் தேடிப் படித்திருக்கிறேன், மதிக்கிறேன். ஆனால் அந்த மத்தியானம் எங்கள் அம்மா சொன்னதுபோல ஒரு விமரிசனத்தை நான் இன்னும் படிக்கவில்லை. அதை எடைபோட அவளுக்குத் தகுதி இல்லை என்று தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு மனசு வருமா ஐயா? (கைதட்டல்)

‘இதற்கு என்ன பெயர் வைப்பது’ என்று அவர் கேட்டுவிட்டுப் போய்விட்டார். கற்றவர்கள் ஆளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். எங்கள் வீட்டிலே அதற்கு ஒரே பெயர்தான். பாட்டு வராத கேசட். அந்தப் பெயர் எனக்குப் போதும். கேட்டவரே எடைபோடத் தகுதி உள்ளவர் என்று கூறி அமர்கிறேன்.

(நெடுநேரம் கைதட்டல்)